பாட்டும் படமும்: திருகோணமலைத் துறையிலிருந்து ஒரு நோக்கு

கொட்டியாரக் குடாவின் கரைகளில் கரைவலை இழுத்த மீனவர் அம்பாப் பாட்டுப் பாடுவது பழைய வழக்கம். முன்னிற்பவன் ஓரடி பாடுவான். கயிற்றைப் பற்றிய கைகளுக்குரியோர் யாவரும் மறு அடியை எடுப்பர். பாட்டின் தாளமும் பின்வைக்கும் காலடியின் தாளமும் ஒன்றாகவே இருக்கும். அக்கரையில் நின்று பார்ப்பவனுக்குப் பாட்டு வேறு, காட்சி வேறு என்ற எண்ணமே எழாது. கோணேசர் வீதியுலாவில் பாடப்படும் தேவாரத்துக்கும், காவடியாட்டத்துக்கும், இரவு முழுவதும் ஆடப்பெறும் கூத்துக்கும் இது பொருந்தும். பாடுபவரைக் காணாமற் பாட்டைக் கேட்பது என்பது மனித வரலாற்றில் மிக அண்மையில் ஏற்பட்ட புதுமையாகும்.

அப்புதுமையைக் கொண்டுவந்தவை கிராமபோனும் வானொலியும். இசைத்தட்டிலே குரல் இருந்தது, முகம் இல்லை. கேட்பவர் தத்தம் மனத்திரையில் ஒரு முகத்தை எழுதிக்கொண்டனர். வானொலி நேயர்கள் இந்த இன்பத்தை நன்கு அறிவர். எனினும், குரலுக்கு ஒரு காட்சியைத் தேடித்தரும் முயற்சி இசைத்தட்டு பரவுவதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1894இல் நியூயோர்க் நகரத்து இசை வெளியீட்டாளர் இருவர், மார்க்ஸ், ஸ்டேர்ன் என்போர், தாம் இயற்றிய பாட்டொன்றைப் பாடும்போது, அதன் கதையைக் காட்டும் கண்ணாடிப் படங்களை மாயவிளக்கின் மூலம் திரையில் வீழ்த்தச் செய்தனர். நோக்கம் கலை வளர்ச்சியன்று. பாட்டின் அச்சுப் பிரதிகளை விற்பதே. அப்பிரதிகள் பெருந்தொகையாக விற்பனையாயின. இன்றுவரை இவ்வகைப் படங்களின் முதல் நோக்கம் அதுவாகவே இருந்து வருகிறது. பாட்டுக்குப் படம் விளம்பரம். பின்பு அவ்விளம்பரமே தனிக்கலையாக வளர்ந்தது.

1940 முதல் 1947 வரை அமெரிக்காவிலே மதுச்சாலைகளில் நிறுத்தப்பட்ட ஒருவகைப் பெட்டியில் 10 சதம் இட்டால் மூன்று நிமிடப் பாடற்படம் ஒன்று ஓடும். 1960இல் பிரான்சு நாட்டில் 'ஸ்கோப்பிட்டோன்' என்னும் பெட்டி அதே வேலையை நிறத்திலே செய்தது. தமிழ் நாட்டவருக்கு இப்பெட்டிகள் தேவைப்படவில்லை. 1931இல் 'காளிதாஸ்' வெளியான நாள் தொட்டுத் தமிழ்ப் பேசும்படம் பாட்டும் படமும் சேர்ந்ததாகவே பிறந்தது. 1938இல் வந்த 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் பின்னணி முறை கையாளப்பட்டது. இம்முறையின் விளைவு சிறிதன்று. பாட்டு முன்னரே அறைக்குள் ஒலிப்பதிவாகிவிடும்; படம்பிடிக்கும் இடத்தில் ஒலிபெருக்கியில் அதை ஓடவிட்டு நடிகர் உதடசைப்பர். ஆகவே காற்று இரைந்தாலும், அலை மோதினாலும், பாட்டுக்கு ஊறில்லை. நாடகமேடையில் அகப்பட்டுக் கிடந்த பாட்டு மலைக்கும் கடலுக்கும் போகும் உரிமையைப் பெற்றது. அதற்குக் கொடுத்த விலை ஒன்றுண்டு: மலையின் ஓசையும் கடலின் ஓசையும் அப்படத்தில் இல்லாமற் போயின.

திருகோணமலைக் கடல் திரைக்கு வந்த வரலாறு இவ்விடத்திலே தொடங்குகிறது. ஆதர் சி. கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரும் அவர் நண்பர் மைக் வில்சனும் 1956இல் இலங்கைக் கடல்களில் மூழ்கி ஆராய்ந்தனர். சுவாமி மலையின் அடிவாரத்தில், பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் கற்களும் கடலுக்குள் கிடப்பதைக் கண்டனர். கிளார்க் அதனை நூலாக எழுதினார். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். அதுவரை வெளியார் கண்ணுக்கு மறைவாக இருந்த துறை, பார்க்கத்தக்க இடமாக மெல்ல மெல்ல மாறியது. வில்சன் கடலடிப் படப்பிடிப்பில் வல்லவர். அவர் இயக்கி 1962இல் வெளிவந்த 'ரன்முத்து தூவ', அதாவது பொன்முத்துத் தீவு, நிறத்தில் எடுக்கப்பட்ட முதலாவது முழுநீளச் சிங்களப் படமாகும். கடலடிப் புதையலைத் தேடும் கதை. காமினி பொன்சேகா நடித்தார், அமரதேவ இசையமைத்தார். திருகோணமலையின் நீலமும், பாறையும், நீருக்கடியில் மீன் திரிவதும் இலங்கை மக்கள் பலர் முதன்முதலாக நிறத்திற் கண்டது அப்படத்திலேதான். அதன் பாட்டுகள் அறுபது ஆண்டுகள் கடந்தும் தென்னிலங்கையிற் பாடப்பட்டு வருகின்றன.

மறு ஆண்டிலேயே, 1963இல், புதுப்பிக்கப்பட்ட கோணேசர் கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. துறையின் கல்லும் கடலும் இவ்வாறு ஒரே காலத்தில் இரு வேறு கண்களுக்கு இரு வேறு பொருளாயின. படம்பிடித்தவர்க்கு அது புதையற் கதையின் பின்புலம். ஊரார்க்கு அது மீண்டெழுந்த திருத்தலம். இதிற் குற்றம் காண்பதற்கில்லை. ஒரு குரலுக்கும் ஒரு நிலத்துக்கும் உள்ள உறவைப் படம் எவ்வளவு எளிதில் மாற்றி அமைத்துவிடுகிறது என்பதே கவனிக்கத்தக்கது.

திருகோணமலைக்கென்று ஒரு குரல் இல்லாமலில்லை. இலங்கை வானொலியின் மெல்லிசையும் பொப்பிசையும் தழைத்த காலத்தில் இவ்வூரிலிருந்து எம். பி. பரமேஷ், எம். பி. கோணேஷ் என்னும் சகோதரர் எழுந்தனர். கித்தாரும் தாளவாத்தியங்களும் கொண்டு மேடைதோறும் பாடினர். இலங்கையில் வெளியான முதல் தமிழ் மெல்லிசைத் தட்டு பரமேஷுடையது என்று இசைத்துறையினர் கூறுவர். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தில் தமிழைத் துள்ளவிட்ட காலமும் அதுவே. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழகம் சென்று திரைப்படத்திலும் புகுந்தது. ஆயினும் இப்பாடகர்களின் பாட்டுக்குரிய படங்கள் இன்று தேடினும் அரிது. ஏன்? இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப்படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. தொலைக்காட்சியோ 1979இலேதான் நாட்டிற்கு வந்தது. அரசாங்கத்தின் ரூபவாகினி 1982 பெப்ரவரியிற் பிறந்தது. பொப்பிசை உச்சத்தில் நின்றபோது படக்கருவி அங்கில்லை. படக்கருவி வந்தபோது நாடு வேறு பாதையிற் போய்க்கொண்டிருந்தது. திருகோணமலையின் கடலுக்குப் படம் இருந்தது, அதன் பாட்டு வேறு மொழியினது. திருகோணமலையின் பாட்டுக்குக் குரல் இருந்தது, அதற்குப் படம் இல்லை.

உலகிலோ பாடற்படம் தொழிலாகிவிட்டது. 1981 ஓகஸ்து 1ஆம் நாள் நியூயோர்க்கில் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி, இருபத்துநான்கு மணிநேரமும் பாடற்படமே காட்டுவது என்று தொடங்கியது. அது காட்டிய முதற்படத்தின் தலைப்பைத் தமிழிற் கூறுவதானால், 'வானொலி விண்மீனைக் காணொளி கொன்றது' என்பதாகும். வானொலி நேயர்க்கு இது சற்றே கசப்பான நகைச்சுவை. அப்படத்தை எடுத்தவர் ரசல் மல்கேகி என்னும் அவுஸ்திரேலியர். அவரே அடுத்த ஆண்டு, 1982இல், டுரான் டுரான் என்னும் பர்மிங்காம் நகர இசைக்குழுவினரை அழைத்துக்கொண்டு இலங்கைக்கு வந்தார். சீகிரியாக் குன்றின் உச்சியிலும், பொலன்னறுவைச் சிலைகளின் முன்னும், தென்கடற் கரையிலும் படம்பிடித்தார். அவற்றுள் ஒன்று 1984இல் அமெரிக்க கிரமி விருதைப் பங்கிட்டுப் பெற்றது. பாட்டிலோ இலங்கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாட்டுக்கும் இடத்துக்கும் தொடர்பு வேண்டியதில்லை. கண்ணுக்கு அரியதாக இருந்தாற் போதும் என்பது அதன்பின் இக்கலையின் எழுதாச் சட்டங்களுள் ஒன்றாயிற்று.

ஏனைய சட்டங்களையும் இங்கே நோக்கலாம். சில படங்களில் பாடுவோர் பாடுவதே காட்சி. சிலவற்றில் பாட்டின் கீழே ஒரு சிறுகதை ஓடும். இன்னும் சிலவற்றில் கதையுமில்லை, மேடையுமில்லை. உணர்ச்சியை எழுப்பும் உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறையும். மூன்றும் ஒரே படத்திற் கலப்பதே பெருவழக்கு. தாளத்தின் அடிக்கு ஏற்பக் காட்சி வெட்டப்படும். பாடகரின் முகம் அடிக்கடி திரும்பி வரும்; ஏனெனில் விற்பனைக்குரியது அம்முகம். தமிழ்த் திரைப்பாட்டு இவையெல்லாவற்றையும் நெடுங்காலமாக அறிந்திருந்தது. சென்னைத் தொலைக்காட்சியின் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சி, படத்திலிருந்து பாட்டைப் பிரித்தெடுத்துத் தனியே காட்டியதன் மூலம், தமிழ் வீடுகளைப் பாடற்படம் பார்க்கும் பழக்கத்துக்கு ஆளாக்கியது.

டுரான் டுரான் வந்துபோன மறு ஆண்டு 1983. ஜூலைக் கலவரத்தின்பின் போர் மூண்டது. இருபத்தாறு ஆண்டுகள் நீடித்தது. துறைமுகமும் கரையும் கண்காணிப்புக்கு உட்பட்டன. இயற்கைத் துறை என்று உலகம் புகழும் உள்துறையைச் சூழ்ந்து வாழ்வோர், கடலுக்குப் போவதற்கே அனுமதி தேடிய காலம் அது. படக்கருவியைக் கையிற் கொண்டு கரையில் நிற்பதற்கு யார் துணிவர்? போரிட்டோர் பாட்டையும் படத்தையும் தத்தம் பரப்புரைக்குக் கையாண்டனர். அவற்றில் வீரர் இருந்தனர், கொடிகள் இருந்தன. வலை உலர்த்தும் பெண்ணுக்கும் பள்ளி செல்லும் சிறுவனுக்கும் இடம் குறைவு. இக்காலத்திலேயே ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல ஒலிபரப்பு நிறுவனம் திருகோணமலையில் மாபெரும் அஞ்சல் நிலையமொன்றை நடத்தி, ஆசியாவின் பல திக்குகளுக்கும் தன் குரலை அனுப்பிவந்தது. உலகத்தின் குரல் ஊரின் தலைக்குமேலாகச் சென்றது. ஊரின் குரல் ஊரைத் தாண்டவில்லை. அந்நிலையம் பின்னர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது.

போரினாற் சிதறியவர் வேறிடத்தில் இக்கலையைக் கைக்கொண்டனர். இலண்டனிற் பிறந்து யாழ்ப்பாணத்திற் குழந்தைப் பருவத்தைக் கழித்து அகதியாக மீண்டவர் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அறியப்படுபவர். 2015இல் அவரே இயக்கிய 'போர்டர்ஸ்' என்னும் படத்தில், படகுகளில் நெருங்கி அமர்ந்த மனிதரும், உயர்ந்த வேலியில் ஏறி நிற்போரும் அசையாச் சிற்பங்கள்போற் காணப்படுகின்றனர். அழகிய இடத்தைத் தேடி அலையும் வழக்கத்தை அவர் தலைகீழாக்கினார். கடல் அங்கே இன்பப் பின்புலமாக இல்லை. கடக்கவேண்டிய எல்லையாக இருக்கிறது. 2021இல் தமிழகத்திலிருந்து வந்த 'என்ஜாயி எஞ்சாமி' என்ற பாட்டுக்கும் இலங்கை மண்ணோடு உறவுண்டு. அதை எழுதிப் பாடிய அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். படத்திலும் அவர் தோன்றுகிறார். ஒரு பாட்டி கண்ணுக்குத் தெரிவதனால் ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு தெரிகிறது. பெருஞ்செலவில் எடுத்த பல காட்சிகள் செய்யாத வேலை இது.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதே 2021இல் யொஹானி, சதீஷன் என்போர் பாடிய 'மெனிகே மகே ஹித்தே' என்னும் சிங்களப் பாட்டு இந்தியா முழுவதும் பரவியது. அதன் படத்தில் மலையுமில்லை, கடலுமில்லை; ஒலிவாங்கியின் முன் நின்று பாடுவதே காட்சி. 2011இல் 'கொலவெறி' பாட்டும் ஒலிப்பதிவுக்கூடத்துக் காட்சியாகவே வெளிவந்தது. தொலைக்காட்சி நிலையத்தின் வாயிலிற் காத்திருக்க வேண்டிய தேவை யூடியூப்பின் வருகையால் நீங்கிவிட்டது.

போர் 2009இல் முடிந்தபின் உப்புவெளி, நிலாவெளி, புறாத்தீவு எனப் பெயர்கள் மீண்டும் உல்லாசப் பயணிகளின் வாயிற் புழங்கின. திருமணப் படப்பிடிப்பாளரும் பாடற்படம் எடுக்கும் இளைஞரும் சுவாமி மலைக்கும் கரைக்கும் வருகின்றனர். கோட்டைக்குள் உலவும் மான்களும் படத்தில் இடம்பெறுகின்றன. ஆனால் பிரெட்ரிக் கோட்டையில் இராணுவம் இருக்கிறது. உள்துறையின் ஒரு பகுதி கடற்படைத் தளம். பறக்கும் படக்கருவியை எழுப்புவதற்கு அனுமதி வேண்டும். எனவே, இத்துறையைப் புகழ்பெறச் செய்த அந்த உட்குடாவுக்கு முதுகு காட்டி, வெளிக்கடலை நோக்கியே கருவியைத் திருப்புவது எளிதாகிறது.

அத்தகைய காட்சிகளில் கரைவலை இழுப்போரும் சில வேளை வருவர். இயந்திரங்கொண்டு வலை இழுக்கும் வழக்கம் பரவியபின் அம்பாப் பாட்டு அருகிவிட்டது. எங்கேனும் அவர்கள் இன்னும் பாடினாலும், படத்தில் அது கேட்பதில்லை. வாய்கள் அசையும், கயிறு நெளியும், கால்கள் மணலில் பின்னோக்கிப் பதியும். மேலே வேறோரிடத்திற் பதிவான பாட்டொன்று ஓடிக்கொண்டிருக்கும்.