ஊசல் சொன்ன நிலத்தடிக் கதை

மயிலாப்பூரில் கிணறு தோண்டினால் மணல் வருகிறது. பரங்கிமலையிலோ பாறை வெளியிலேயே தெரிகிறது. தோண்டாமலே நிலத்தின் அடியை அறிய இயலுமா? இயலும். அதன் வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு.

1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் அமைந்தது. 1821-இல் அதன் தலைவர் ஜான் கோல்டிங்காம் சென்னையில் ஓர் ஊசலை ஆடவிட்டு, ஆட்டங்களை எண்ணினார். ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும் அல்லவா? பூமியின் வடிவை அறியவே அவர் இதைச் செய்தார்.

1865 முதல் ஜேம்ஸ் பேசெவி இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயம்வரை ஊசல்களைச் சுமந்து சென்று அளந்தார். இமயத்தில் ஈர்ப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. மலையின் அடியில் அடர்த்தி குறைந்த பொருள் இருப்பதற்கு அது சான்றாயிற்று. அந்தப் பணியிலேயே, 1871-இல் லடாக்கின் உயர்ந்த சமவெளியில், பேசெவி உயிர் நீத்தார்.

இன்று ஊசலின் இடத்தில் ஈர்ப்புமானி உள்ளது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த மாற்றத்தையும் அது காட்டும். பரங்கிமலையின் சார்னோக்கைட் போன்ற அடர்ந்த பாறை மேலே வந்தால் ஈர்ப்பு சற்றுக் கூடும். மணல் தடித்தால் குறையும். ஆனால் ஒரே அளவீட்டுக்குப் பல விளக்கங்கள் பொருந்தலாம். ஆகவே பாறையிலுள்ள மாக்னடைட்டை உணரும் காந்தமானியையும் துணைக்குக் கொள்கிறார்கள்.

இவ்விரண்டின் உதவியால், காவிரிப் படுகையின் வயல்களுக்கு அடியில் புதைந்த பாறை முகடுகளும் பள்ளங்களும் தெரியவந்தன. எண்ணெய்க்கு எங்கே துளையிடலாம் என்பதற்கு அவை வழிகாட்டின. ஆடும் ஊசலை அற்பமாக எண்ணாதீர்கள்!