மருந்தே மரத்திற்கு எமன்!

பாதாம் மரத்திற்கு ஆப்பிரிக்காவில் ஓர் உறவு உண்டு, அறிவீர்களா? காமரூன், கென்யா மலைக்காடுகளில் வளரும் 'புரூனஸ் ஆப்பிரிக்கானா' மரந்தான் அது. அதன் பட்டையைச் சிறுநீர்க் கோளாறுகளுக்கு மருந்தாக அம்மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். 1966-இல் பிரான்சில் பட்டைச் சாறு காப்புரிமை பெற்றது; முதியோரின் புராஸ்டேட் வீக்கத்திற்கு மருந்தாக விற்பனைக்கு வந்தது. தேவை பெருகவே, பேராசையால் மரத்தைச் சுற்றிலும் உரித்தனர், வெட்டியும் சாய்த்தனர். இலை தயாரிக்கும் உணவு, பட்டையின் உட்புறத் திசு வழியாகவே வேருக்கு இறங்குகிறது. முழுதும் உரித்தால் வேர் பட்டினி கிடக்கும், மரம் மடியும்.

1995 முதல் இதன் வணிகத்தைப் பன்னாட்டு உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. எதிரெதிர்ப் பக்கங்களில் மட்டும் அளவோடு உரித்தால் புதுப்பட்டை வளரும். காமரூன் உழவர்கள் தம் நிலங்களில் கன்றுகள் நட்டுள்ளனர். பட்டை வேண்டுமானால், முதலில் மரம் வேண்டுமல்லவா?