பால்சா உறை

மாதிரி விமானச் சிறகின் விலாக்கள்மேல் மெல்லிய பால்சாத் தகட்டை வளைத்து ஒட்டி அமைக்கும் மேற்பரப்பு. பால்சா தென்னமெரிக்க மரம். உலகச் சந்தைக்குப் பெரும்பங்கு ஈக்குவடோரிலிருந்து வருகிறது. நிறை கன மீற்றருக்குச் சுமார் 100 முதல் 200 கிலோ.

சிறிய சிறகுகளுக்கு 1.5 மில்லிமீற்றர் தகடு போதும். தகட்டைத் தெரிவதில்தான் பாதி வேலை. ஆண்டு வளையங்களைத் தழுவி அறுத்த தகடு எளிதில் வளையும். ஆரப்போக்கில் அறுத்தது விறைப்பானது, வளைத்தால் பிளக்கும். அதை விலாக்களுக்கு ஒதுக்குவதே முறை. வெளிமுகத்தை மட்டும் நீரால் நனைத்தால் அந்தப் பக்கத்து நார்கள் விரிந்து தகடு தானாகவே வளையும். குழாயொன்றில் சுற்றிக் காயவிட்டால் வளைவு நிலைக்கும். ஒட்டும்போது சிறகைச் சமதளப் பலகையில் ஊசிகளால் இறுக்கவேண்டும். முன்விளிம்பின் மேலும் கீழும் உறை மூடியதும் அது முறுக்கத்தைத் தாங்கும் பெட்டியாகிவிடும். உள்ளே இருக்கும் கோணலும் அத்துடன் நிரந்தரமாகும்.

இலங்கையின் புத்தளக் கரையோர ஈரக்காற்றில் தகடுகள் நெளியும். மூடிய பெட்டியில், தட்டையாக, பாரம் வைத்துச் சேமிப்பது நல்லது.

உலகின் காற்றாலை இறகுகள் பலவற்றில் கண்ணாடியிழை அடுக்குகளுக்கு நடுவே பால்சாவே உள்ளகம். 2020ஆம் ஆண்டையொட்டிச் சீனக் காற்றாலைத் தேவை பெருகியதால் பால்சா விலை கடுமையாக உயர்ந்தது.