ஓர் உயிலும் ஓர் இரும்பாலையும்

"சரித்திரம்னா போரும் பட்டாபிஷேகமும் மட்டும்னு நினைக்காதீங்கப்பா. ஒரு காலத்தைப் புரிஞ்சுக்கணும்னா அந்தக் காலத்து உயில்களைப் படிங்க" என்று எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் அடிக்கடி சொல்வார். கடைசி பெஞ்சில் இருந்த நாங்கள் சிரித்துக்கொள்வோம். பிறகு பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியபோதுதான் அவர் சொன்னதன் அருமை புரிந்தது. விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுத இந்த மலரில் ஆள் நிறைய உண்டு. நான் ஒரு வேல்ஸ் நாட்டு உயிலைப் பற்றி எழுதுகிறேன்.

தெற்கு வேல்ஸில் மெர்தர் டிட்வில் நகரை ஒட்டியது டவுலைஸ். 1759-இல் அங்கே இரும்பாலை தொடங்கியது. 1767-இல் மேலாளராக வந்தவர் ஜான் கெஸ்ட். அவருடைய பேரன் ஜோசையா ஜான் கெஸ்ட் காலத்தில் அது உலகின் மிகப் பெரிய இரும்பாலையாக வளர்ந்தது. 1845-இல் 18 ஊது உலைகள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். ரஷ்யாவுக்குக்கூட இங்கிருந்து தண்டவாளம் போனது.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பெரிய ஆலை நின்றது குத்தகை நிலத்தில்! நிலம் ப்யூட் பிரபு குடும்பத்துடையது. பழைய குத்தகை முடியும் தறுவாயில் வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இழுத்தது. 1848-இல்தான் புதுக் குத்தகை கைக்கு வந்தது.

கெஸ்ட் 1833-இல் ஒரு பிரபுவின் மகளான சார்லட்டை மணந்தார். அவருக்கு வயது 48, பெண்ணுக்கு 21. அந்த அம்மாள் வேல்ஸ் மொழியைக் கற்று, 'மாபினோகியன்' என்ற பழங்கதைத் தொகுப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பத்துப் பிள்ளைகளைப் பெற்றார். நடுவில் கணவரின் கடிதங்களை எழுதி, ஆலைக் கணக்கையும் கற்றுக்கொண்டார்.

1852 நவம்பரில் கெஸ்ட் இறந்தார். மூத்த மகன் ஐவருக்கு அப்போது 17 வயது. ஆலையை டிரஸ்டிகள் பொறுப்பில் நடத்த உயிலில் ஏற்பாடு இருந்தது. டிரஸ்ட் என்றால் நமக்குத் தெரிந்ததுதான்: சொத்தின் நிர்வாகம் ஒருவர் கையில், பலன் இன்னொருவருக்கு. நிர்வாகத்தை மனைவியிடமே ஒப்படைத்திருந்தார் கெஸ்ட். ஆனால் ஒரு நிபந்தனை. அவர் விதவையாக இருக்கும்வரைதான்!

"இதென்ன அநியாயம்?" என்று கேட்கத் தோன்றும். அன்றைய ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். கல்யாணம் ஆனால் மனைவியின் சொத்தும் வருமானமும் பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். அவள் தனியாக ஒப்பந்தம் போட முடியாது. கணவன் இறந்த பிறகுதான் சட்டத்தின் கண்ணில் அவள் மறுபடி தனி ஆள். விதவை மறுமணம் செய்தால், புதுக் கணவன் ஆலையில் கை வைப்பானே என்ற பயம். பிள்ளைகளின் சொத்துக்குப் போட்ட வேலி அது. அந்த வேலிக்குள் தாயும் மாட்டிக்கொண்டார்.

மூன்று வருடம்கூட முழுதாய் இல்லை, சார்லட் அந்த ஆலையை ஆண்டார். 1853-இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எதிர்கொண்டவரும் அவர்தான். அவர்கள் பக்கம் நின்றார் என்று நான் சொல்ல மாட்டேன். முதலாளியாகத்தான் நின்றார்.

1855 ஏப்ரலில், மகனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் சார்லஸ் ஷ்ரைபரை மணந்தார். தம்மைவிட 14 வயது இளையவர். அத்தோடு ஆலைப் பொறுப்பு ஜி.டி. கிளார்க், எச்.ஏ. புரூஸ் என்ற இரு டிரஸ்டிகளிடம் போனது. கிளார்க் பொறியாளர், நம் பம்பாய்ப் பக்கம் ரயில் பாதைக்கு ஆய்வு செய்தவர். புரூஸ் பின்னாளில் பிரிட்டனின் உள்துறை அமைச்சரானார்.

நியாயமாகச் சொல்வதென்றால், டிரஸ்ட் தன் வேலையைச் சரியாகவே செய்தது. பெஸ்ஸமர் முறையில் எஃகு செய்ய 1856-இலேயே டவுலைஸ் உரிமம் வாங்கியது. 1865-இல் எஃகு வந்தது. ஐவர் 1880-இல் விம்போர்ன் பிரபு ஆனார். சொத்து பத்திரம். ஆனால் தொழில் தெரிந்த ஒருவர் வெளியே போனதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. ஒரு தாலி காரணம். மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்து ஆளும் உரிமை 1882 சட்டத்தில்தான் முழுமையாக வந்தது. சார்லட்டுக்கு அப்போது வயது 70. அதற்குள் அவர் பீங்கான் சேகரிப்பில் இறங்கிவிட்டார். அந்தச் சேகரிப்பின் பெரும்பகுதி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1895-இல் காலமானார்.

என் மேஜைக்கு வந்த உயில்களிலும் "மறுமணம் செய்யாதிருக்கும்வரை" என்ற வரியைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் அன்பில்லாதவர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பிள்ளைகள் மேல் அக்கறையோடுதான் எழுதுகிறார்கள். ஆனாலும் ஒரு பெண் இருபது வருடம் கூடவே நின்று கற்ற தொழில் அந்த ஒரு வரியில் கரைந்துவிடுகிறது. இன்று நம் கல்லூரியில் வரலாறு படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டுப் பீரோவில் தாத்தாவின் உயில் இருந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள். யாருக்கு என்ன கிடைத்தது என்பதோடு, எதுவரைக்கும் கிடைத்தது என்பதையும் பாருங்கள். எங்கள் சார் சொன்ன சரித்திரம் அங்கேதான் இருக்கிறது.