விரல்நுனி அளவு முகங்கள்

திருத்தணி மலைக்கு இருபுறமும் இரண்டு பொம்மை மரபுகள் உண்டு. வடக்கே சுமார் 65 கி.மீ. தொலைவில் திருப்பதி, செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சி இணைக்குப் பேர்போனது. தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் காஞ்சிபுரம், அங்கே பொம்மைக்காரத் தெருவில் களிமண்ணிலும் காகிதக்கூழிலும் கொலுப் பொம்மைகள் உருவாகின்றன. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நவராத்திரிப் படிகளுக்கோ இந்த எல்லைக்கோடு ஒரு பொருட்டல்ல.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். மரப்பாச்சிக்கு முகம் உண்டு, ஆனால் அது எவருடைய முகமும் அல்ல. கண்ணும் மூக்கும் சில செதுக்குக் கோடுகள். மீதியைக் குழந்தையின் கற்பனை நிரப்பிக்கொள்ளும். வண்ணம் தீட்டிய மண்பொம்மையோ யாரோ ஒருவராக இருக்க முயல்கிறது. அந்த 'யாரோ ஒருவரின்' முகம் எங்கிருந்து வந்தது?

முதலில் அளவைக் கவனிக்க வேண்டும். சிற்ப நூல்களின் நவதாள அளவில் முகத்தின் நீளம் மொத்த உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. அவ்வாறெனில் ஒன்பது அங்குலப் பொம்மைக்கு முகம் ஓர் அங்குலமே. கண் எள்ளைவிடச் சற்றுப் பெரிது. பெரிய சிலையில் புருவத்தின் நிழல் கண்குழியில் தானாகவே விழும். சிறு பொம்மையில் குழியின் ஆழம் போதாது. நிழலையும் தூரிகையால்தான் விழச்செய்ய வேண்டும். இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்த்தது. 54 மி.மீ. உயரமுள்ள அத்தகைய உருவங்களுக்கு இன்று முகம் தீட்டுவோரும் கன்னத்தின் கீழும் புருவத்தின் கீழும் நிழலை மிகைப்படுத்தியே உயிர் காட்டுகின்றனர். நம் கைவினைஞர் இமைமேல் இழுக்கும் தடித்த கருங்கோடும், கண்ணின் கடையில் வைக்கும் செந்நிறமும் அதே சிக்கலுக்கான விடைகளே. சிறிய முகத்தில் உள்ளதை உள்ளபடி தீட்டினால் உயிர் வராது.

வெண்பூச்சு, உடல்நிறம், ஆடை, அணி என்று முடித்துவிட்டுக் கண்ணைக் கடைசியில் தீட்டுவது வழக்கம். கோயில் திருமேனிக்குக் கண் திறக்கும் சடங்கின் சாயல் இதில் உண்டு. கைபட்டுக் கண் கலைந்துவிடக் கூடாதே என்ற நடைமுறைக் கவலையும் உண்டு.

இனி முகங்களுக்கு வருவோம். ரவிவர்மா (1848–1906) ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில் தேவியருக்கு மானுட முகம் தந்தார். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் அம்முகங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அடுத்த தலைமுறையில் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வங்கள் நாட்காட்டிகள் வழியே தமிழகச் சுவர்களை நிறைத்தன. பொம்மைகளும் இந்தப் படங்களைப் பின்தொடர்ந்தன. விளைவு, அழகு கூடியது; வேறுபாடு குறைந்தது. வள்ளியையும் தெய்வானையையும் முகத்தைக் கொண்டு பிரித்தறிவது அரிது. கைமலரையும் நிற்கும் பக்கத்தையும் பார்த்தே அறிகிறோம்.

தலைவர்களின் பொம்மைகளிலும் இதே கதைதான். காந்தியின் மூக்குக்கண்ணாடியையும் நேருவின் குல்லாயையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது பொதுவான ஒரு முகம். பாரதியின் உண்மையான நிழற்படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பொம்மையில் அவரை அடையாளம் காட்டுபவை முண்டாசும் மீசையுமே. திருத்தணியில் 1888இல் பிறந்த ராதாகிருஷ்ணனைச் சிறு உருவமாக்க நினைப்பவருக்கும் வெண்தலைப்பாகையே முதலில் கைகொடுக்கும். முருகனுக்கு வேல் செய்யும் வேலையை இங்கே தலைப்பாகை செய்கிறது.

உண்மையான முகங்கள் கீழ்ப்படிகளில் இருக்கின்றன என்பது நம் கருத்து. மளிகைச் சாமான்களை முன்னே பரப்பி அமர்ந்திருக்கும் செட்டியார் இணை, கன்னம் உப்பிய நாதசுரக்காரர், கூடை சுமக்கும் குறத்தி, பொக்கைவாய்க் கிழவர் ஆகியோருக்குப் பார்த்துத் தீட்ட நாட்காட்டிப் படம் இல்லை. தெருவைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவேதான் நாதசுரக்காரரின் நெரிந்த புருவத்திலும், செட்டியாரின் பாதி மூடிய கண்ணிலும் பார்த்தறிந்த ஒருவரின் சாயலை உணர்கிறோம்.

இதில் வரலாறு உண்டு. திருமலைக் கோயிலில் கிருஷ்ணதேவராயரும் தேவியர் இருவரும் செப்புருவங்களாக இன்றும் கைகூப்பி நிற்கின்றனர். அரசருக்குச் செப்பு கிடைத்தது. அவருடைய திருவிழாவில் ஊதியவருக்கும், கடை விரித்தவருக்கும் உருவம் தந்தது பிற்காலத்து மண்தான். மண் உடையும், வண்ணம் உதிரும். எளியோரின் உருவப்படங்கள் அருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடைவதைவிடப் பெரிய ஆபத்து புதுப்பித்தல். மங்கிய பொம்மைக்குப் பளபளக்கும் எனாமல் பூசும்போது முதலில் அழிவது கண்ணைச் சுற்றியுள்ள அந்த மெல்லிய நிழலே. அதோடு, எங்கோ ஒரு தெருவில் ஒரு கைவினைஞர் உற்றுப் பார்த்த ஒரு மனிதரும் மறைந்துவிடுகிறார். பரணிலிருந்து இறக்கும் பழைய பொம்மையின் நிறம் மங்கியிருந்தால், தூசி மட்டும் தட்டி, மங்கியபடியே படியில் வைப்போம்.