இழப்புள்ள வலையமைப்புகளில் காணொளிப் பரிமாற்றம்

தரவுப் பொதிகள் வழியில் தொலையக்கூடிய வலையமைப்பின் ஊடாக, சுருக்கப்பட்ட காணொளியைப் பார்க்கத்தக்க தரத்தில் கொண்டுசேர்க்கும் நுட்பங்களின் தொகுதி. தொலைந்ததை மீண்டும் அனுப்புதல், மீட்புத் தரவை முன்கூட்டியே சேர்த்தனுப்புதல், பழுது பரவாதபடி குறியாக்குதல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. முதலாவதற்கு நேரமும், இரண்டாவதற்குக் கூடுதல் தரவும், மூன்றாவதற்குச் சுருக்கத் திறனும் விலையாகின்றன.

சிக்கலின் வேர் சுருக்கத்திலேயே உள்ளது. காணொளியைச் சுருக்கி விரிக்கும் கோடெக் பெரும்பாலும் முந்தைய சட்டகத்திலிருந்து மாறியதை மட்டுமே அனுப்புவதால், ஒரு பொதி தொலைந்தால் முந்தையதைச் சாராத அடுத்த முழுச் சட்டகம் வரும்வரை பழுது தொடரக்கூடும்.

வரலாறு

இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்தக் குறிமுறை பின்னாளில் எண்ணிமத் தொலைக்காட்சிக்கு அடித்தளமானது. ஐரோப்பாவின் டிவிபி தரத்தில் 188 பைட் கொண்ட பொதியுடன் 16 பைட் சேர்க்கப்படுகிறது. எட்டு பைட் வரை பழுதானாலும் சரிசெய்யலாம்.

காணொளி உரையாடலுக்கான எச்.261 தரம் 1988இல் ஐஎஸ்டிஎன் தொலைபேசி இணைப்புகளுக்காக உருவானது. அவற்றில் பெரும்பாலும் தனித்தனி பிட்டுகளே பழுதாகும். இணையத்திலோ நெரிசலின்போது பொதி முழுதாகவே கைவிடப்படுகிறது. தொலைந்ததை டிசிபி என்னும் இணைய நெறிமுறை மீண்டும் அனுப்பும். ஆனால் அது வந்துசேரும்வரை பின்னால் வந்தவற்றையும் நிறுத்திவைக்கும். ஆகவே நேரலைக்கு, இவ்வாறு காத்திராத யுடிபி நெறிமுறை விரும்பப்பட்டது. அதன்மேல் இயங்கும் ஆர்டிபி நெறிமுறை 1996இல் தரமானது. அது பொதிகளுக்கு வரிசை எண்ணும் நேரக்குறியும் இட்டு இழப்பைக் கண்டறிய உதவியது. மீட்பை வேறு நுட்பங்களுக்கு விட்டது. ஸ்டீவன் மக்கேன், வான் ஜேக்கப்சன் ஆகியோரின் 'விக்' காணொளி உரையாடல் மென்பொருள் (1995), பழுது பரவாதபடி, மாறிய கட்டங்களை மட்டும், முந்தைய சட்டகத்தைச் சாராமல் குறியாக்கியது.

மைக்கேல் லூபியின் எல்டி என்னும் மீட்புக் குறிமுறை 2002இல் வெளியானது. மூலப் பொதிகளின் எண்ணிக்கையைவிடச் சற்றே கூடுதலாக எந்தப் பொதிகள் கிடைத்தாலும் முழுத் தரவையும் பெரும்பாலும் மீட்கலாம் என்பதே அதன் சிறப்பு. அமீன் ஷொக்ரொல்லாகியின் ராப்டர் குறிமுறை இதை விரைவாக்கியது. திரும்பக் கேட்க வழியில்லாத பல்முனை ஒளிபரப்புக்கு இவை ஏற்றவை.

தற்காலப் பயன்பாடு

உலாவிகளில் நிகழ்நேர உரையாடலுக்காகக் கூகுள் 2011இல் மூலநிரலைத் திறந்த வெப்ஆர்டிசி, மறு அனுப்புதல், மீட்புத் தரவு, புதிய முழுச் சட்டகத்தைக் கோருதல் ஆகியவற்றைச் சூழலுக்கேற்பக் கையாள்கிறது. ஹைவிஷன் நிறுவனம் 2017இல் மூலநிரலைத் திறந்த எஸ்ஆர்டி நெறிமுறை, முன்கூட்டி ஒப்புக்கொண்ட தாமதத்துக்குள் தொலைந்ததை மீண்டும் பெற முயல்கிறது. நேரம் கடந்தால் அந்தப் பொதியைக் கைவிட்டு நேரலையைத் தொடர்கிறது. பதிவான திரைப்படத்தைச் சில நொடிகள் முன்னரே சேமித்துக்கொள்ள முடிவதால், அதற்கு டிசிபியே போதுமானது.