உடைமையும் மறுப்பும்: டெபியன் சாசனத்தில் பிணக்குத் தீர்வு

கட்டற்ற மென்பொருள் உலகில் கடுஞ்சச்சரவுகள் தீர்ந்த விதத்தை ஆராய்வோர் பலருக்கும் எரிக் ரேமண்ட் 1998-இல் எழுதிய ‘ஹோம்ஸ்டெடிங் தி நூஸ்ஃபியர்’ கட்டுரைதான் தொடக்கப் புள்ளி. ரேமண்ட் திட்டத்தின் மீதான உரிமையை நில உடைமையாகப் பார்க்கிறார். ஒரு திட்டத்தைத் தொடங்கியவர், முன்னவரிடமிருந்து முறையாகப் பெற்றவர், கைவிடப்பட்டதை எடுத்து நடத்துபவர் ஆகியோரே உரிமையாளர்கள். பிணக்கு எழுந்தால் பொறுப்பைச் சுமப்பவர் சொல் எடுபடும். அதிலும் தீராவிட்டால் மூத்தவர் சொல். அதற்கும் மேல் உரிமையாளர் வைத்ததே சட்டம். ஒருவரே பேணிவரும் சிறு நிரல்களுக்கு இந்த வாசிப்பு இன்றும் பொருந்தும். சமூகம் முழுவதற்கும் இதையே விரிப்பதுதான் ஏற்கத்தக்கதாக இல்லை. அப்பாச்சி போன்ற திட்டங்களில் குழு வாக்களித்து முடிவெடுப்பதை ரேமண்ட் அறியாதவரல்லர். அவற்றைச் சிக்கலான, நிலையற்ற ஏற்பாடுகள் என்று சொல்லி ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார். அவர் கடந்துபோன அந்த இடத்தில்தான் அதே ஆண்டு டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் திட்டம் தன் சாசனத்தை இயற்றிக்கொண்டது.

1998 டிசம்பர் 2 அன்று ஏற்கப்பட்ட அச்சாசனத்தின் வாக்கெண்ணும் முறை 2003-இல் மாறியதைப் பலர் எழுதியிருக்கிறார்கள்; அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. இரண்டாம் பிரிவின் தொடக்க விதிக்குத்தான் போதிய கவனம் கிடைக்கவில்லை. யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது, ஒப்படைத்த பணியையும் ஒருவர் மறுக்கலாம் என்கிறது அதன் முற்பாதி. முறைப்படி எடுத்த முடிவுக்கு எதிராகச் செயல்படக் கூடாது என்கிறது பிற்பாதி. ஊதியம் பெறாத தன்னார்வலர்களிடம் வேறெதைக் கேட்க முடியும், இது நடப்பை ஒப்புக்கொள்வது மட்டும்தானே என்று கேட்கலாம். முற்பாதிக்கு அது சரி. பிற்பாதிக்குப் பொருந்தாது. தோற்றவர் ஒதுங்கி நில்லாமல், வென்றவரின் வேலைக்குக் குறுக்கே நின்றே அவரை முடக்கிவிடலாம். அந்த வழியைத்தான் விதி அடைக்கிறது. ஆறாம் பிரிவையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு பராமரிப்பாளரின் முடிவைத் தொழில்நுட்பக் குழு மாற்ற வேண்டுமானால் மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை தேவை. உடைமைக்கு இதைவிட வலுவான வேலி ஏது என்று ரேமண்டின் தரப்பு கேட்கலாம். வேலி உண்டு, ஆனால் அதைத் தாண்டும் வழியை வகுத்தவர் உடைமையாளர் அல்லர், சக உறுப்பினர்கள். ரேமண்டின் நிலத்தில் அப்படியொரு மன்றம் இல்லை.

இதற்கு உரைகல்லாக அமைந்தது, கணினி எழும்போது முதலில் ஓடும் நிரல் எது என்ற பூசல். 2013 அக்டோபரில் 727708 என்ற வழு எண்ணின்கீழ் அது தொழில்நுட்பக் குழுவிடம் வந்தது. ஆயிரக்கணக்கான பொதிகளைத் தொடும் அந்தக் கேள்வி எந்த ஒருவரின் நிலத்திலும் அடங்கவில்லை. 2014 பிப்ரவரியில் எண்மர் குழு நாலுக்கு நாலாகப் பிரிய, தலைவர் பிடேல் கார்பியின் முடிவு வாக்கால் சிஸ்டம்டி என்ற தொடக்க நிரல் வென்றது. தோற்ற தரப்பில் இருந்தவர் 1998-இல் திட்டத் தலைவராக இருந்து சாசனத்தை வரைந்த இயன் ஜாக்சன். மூப்புதான் தீர்க்கும் என்றால் இங்கே தீர்த்திருக்க வேண்டும். கார்பியும் 2002-இல் திட்டத் தலைவராக இருந்தவர்தானே என்றால், அதுவும் என் வாதத்துக்கே வலு: இருபுறமும் மூத்தவர்கள் நின்றால் மூப்பு எதையும் தீர்ப்பதில்லை.

பொதிகள் குறிப்பிட்ட ஒரு தொடக்க நிரலையே சார்ந்திருக்கக் கூடாது என்ற ஜாக்சனின் தீர்மானம், 2014 நவம்பரில் உறுப்பினர் அனைவரின் வாக்குக்கு வந்தபோது, பொதுத் தீர்மானமே தேவையில்லை என்ற தெரிவு வென்றது. பராமரிப்பாளர் தலையில் புதிய வேலையைச் சுமத்த உறுப்பினர்கள் மறுத்தார்கள், இரண்டாம் பிரிவின் மனப்பாங்கே அங்கு பேசியது என்று இதை வாசிக்கிறேன். வெறும் களைப்பாகவும் இருந்திருக்கலாம். வாக்குச்சீட்டு காரணம் சொல்வதில்லை. அந்த மனப்பாங்கு சாசனத்துக்கு எவ்வளவு முற்பட்டது என்பதற்கும் ஆண்டு குறிக்க இயலாது. ஏற்கப்பட்ட நாள் வழக்கம் பிறந்த நாள் அல்ல. அதே மாதம் ஜாக்சன் குழுவிலிருந்து விலகினார். டெவுவன் என்ற கிளை பிரிந்தது. பிரிவினையை வைத்துச் சாசனம் தோற்றது என்பார்க்கு ஒரு விடை உண்டு: பிரிந்தவர்கள் உடைமையைப் பறிகொடுத்தவர்கள் அல்லர், உடன்பட மறுத்தவர்கள். 2019 டிசம்பரில் கேள்வி மறுபடி வாக்குக்கு வந்தது. சிஸ்டம்டியை முதன்மையாகக் கொண்டு, மாற்று முயற்சிகளுக்கும் இடம் கொடுக்கும் தெரிவு வென்றது.